மலையேறிய டீசல் கார் காலையில் ஏன் முரண்டு பிடிக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே இருக்கும்போது சாவியைத் தொட்டதும் உயிர் பிடித்த வண்டி. 3,000 மீட்டர் உயரத்தில் ஓர் இரவு நின்றுவிட்டால், மறுநாள் காலையில் வெள்ளைப் புகையைத் துப்பிக்கொண்டு இருமுகிறது. "மேலே காற்று கம்மி, அதான்" என்று யாராவது ஒருவர் தீர்ப்பு சொல்லிவிடுவார். காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பழி முழுவதையும் அதன் தலையில் போட்டால், உண்மையான கோளாறு வண்டிக்குள்ளேயே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இந்தக் கேள்விகளைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவு. அதனால்தானே டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது?

இல்லை. முதலில், காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த மலை உச்சியிலும் ஏறக்குறைய 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் சுமார் 1,013 மில்லிபார் இருப்பது 2,000 மீட்டரில் 795, 3,000 மீட்டரில் 700, 4,000 மீட்டரில் 616 என்று இறங்கி, 5,500 மீட்டரில் பாதியாகிவிடுகிறது. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் அதே கொள்ளளவுக் காற்றைத்தான் இழுக்கிறது. அந்தக் காற்றின் எடைதான் குறைவு.

இப்போது டீசலின் குணத்தைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினைப் போல எரிபொருளுக்குத் தகுந்த காற்றை அளந்து எடுக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. காற்றை முழுதாக இழுத்துக்கொண்டு, தேவைக்கு ஏற்ப டீசலை மட்டும் கூட்டிக் குறைக்கும். சும்மா நின்று ஓடும்போது எரியத் தேவையானதைப் போலப் பல மடங்கு காற்று உள்ளே வீணாகத்தான் கிடக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு போனாலும் அந்தச் சிறிய தீக்கு மூச்சு முட்டாது. ஏற்றத்தில் முழு வேகம் கேட்கும்போது ஆக்சிஜன் பற்றாக்குறை தெரியும். சாவியைத் திருப்பும் நேரத்தில் பற்றாக்குறை வெப்பத்துக்குத்தான்.

வெப்பத்துக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பகுதி சுடுகிறதே, அதுதான் டீசல் இன்ஜினின் தீக்குச்சி. ருடால்ஃப் டீசல் 1897ல் ஓட்டிக் காட்டியதிலிருந்து இன்றுவரை இந்த அடிப்படை மாறவில்லை. காற்றை 15, 16 மடங்கு நெருக்கினால் அது கொதிக்கும். அதற்குள் டீசலைத் தூவினால் தானாகப் பற்றும். தீப்பொறி பிளக் எதுவும் தேவையில்லை.

நெருக்கி முடித்ததும் காற்று எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஆரம்பத்தில் காற்றின் வெப்பநிலை, எத்தனை மடங்கு நெருக்குகிறோம், வழியில் எவ்வளவு வெப்பம் சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் ரிங் இடுக்குக்கும் போய்த் தொலைகிறது. ஆரம்ப அழுத்தம் இந்தப் பட்டியலில் நேரடியாக வரவே வராது. 20 டிகிரியில் உள்ள காற்றைக் கடல் மட்டத்தில் நெருக்கினாலும் 4,000 மீட்டரில் நெருக்கினாலும் கணக்குப்படி ஏறக்குறைய ஒரே சூடுதான் கிடைக்கும்.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். 16 மடங்கு நெருக்கும் இன்ஜினில், ஸ்டார்ட்டர் மோட்டார் நல்ல வேகத்தில் சுற்றினால், 20 டிகிரிக் காற்று 400 டிகிரியை ஒட்டிப் போகும். அதே இன்ஜினில் மைனஸ் 10 டிகிரிக் காற்றை விட்டால் 330 டிகிரி அளவில் நின்றுவிடும். ஆரம்பத்தில் 30 டிகிரி இழந்தோம், முடிவில் 70 டிகிரி போய்விட்டது. இப்போது பேட்டரி சோர்ந்து, இன்ஜினும் மெதுவாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் கசிய நேரம் கூடும், அந்த 330ம் 250 பக்கம் இறங்கும். டீசல் நீராவி போல வெளியேறுமே தவிரப் பற்றாது.

மலையில் ஏறும்போது சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி வெப்பம் குறையும். கீழே 20 டிகிரி இருக்கும் நாளில் 4,000 மீட்டரில் மைனஸ் 6. தெளிந்த வானம் உள்ள இரவில் அதற்கும் கீழே. ஆக, "உயரத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி குளிரின் வேலை. குளிர்காலத்தில் சமவெளியில் நின்றாலும் அந்த வண்டி இதே நாடகத்தைத்தான் ஆடியிருக்கும்.

அப்போ மெல்லிய காற்று ஒன்றுமே செய்யாதா?

செய்யும். பக்கவாட்டில் வந்து தள்ளும். டீசல் துளி உள்ளே விழுந்ததிலிருந்து தீப்பற்றும் வரை ஒரு சிறு தாமதம் உண்டு. அழுத்தம் குறைந்தால் அந்தத் தாமதம் நீளும். கடல் மட்டத்தில் 37 பார் அழுத்தம் கட்டும் சிலிண்டர் 4,000 மீட்டரில் 23 பாரைத்தான் கட்டும். அங்கே டீசல் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் இறங்க ஆரம்பித்து, காற்றும் குளிர்ந்துவிடும்.

இன்னொன்று, உள்ளே காற்றின் எடை குறைவு என்பதால் அது சுமக்கும் மொத்த வெப்பமும் குறைவு. சிலிண்டர் சுவரோ அதே அளவு, அதே ஜில்லிப்பு. சின்னப் பாத்திரத்துச் சுடுநீர் சீக்கிரம் ஆறுவது போலத்தான்.

அப்புறம், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கும் பழைய பம்ப் உள்ள வண்டிகளில் ஒரு சங்கதி உண்டு. உறிஞ்சுவது என்று சொன்னாலும் டீசலை மேலே தள்ளுவது உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான். அது குறையக் குறைய உறிஞ்சும் திறனும் குறையும். கீழே தொந்தரவு தராத ஒரு மயிரிழைக் கசிவு, தளர்ந்த கிளிப், மேலே ஏர் லாக் ஆகிவிடும், அதாவது குழாயில் காற்று புகுந்து டீசலை மறித்துவிடும். ஃபில்டர் பக்கத்தில் கைப்பம்ப் இருந்தால் அது கெட்டியாகும் வரை அமுக்கிப் பார்க்கலாம்.

எவ்வளவு உயரத்திலிருந்து கவலைப்பட வேண்டும்?

நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு 2,000 மீட்டர் வரை தனிக்கவலை தேவையில்லை. 3,000க்கு மேல் இரவில் நிறுத்துவதாக இருந்தால் கிளம்பும் முன்பே பேட்டரியையும், ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கையும் பார்த்துவிடுங்கள். 4,000க்கு மேல் டீசலின் வகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இது என் அளவுகோல், இயற்கை விதி எதுவும் இல்லை. உயரத்தைவிட அன்றிரவின் வெப்பநிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பயன்.

என் காரில் டர்போ இருக்கிறது. அது காற்றை அமுக்கிக் கொடுத்துவிடுமே?

ஓடும்போது கொடுக்கும். டர்போவைச் சுழற்றுவது புகைப்போக்கி வழியே வரும் சூடான வாயு. இன்ஜின் இன்னும் பற்றவே இல்லை என்றால் அதற்கு ஏது வாயு? ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் டர்போ உள்ளதும் இல்லாததும் ஒன்றுதான். இன்னும் சொல்லப்போனால், டர்போ இன்ஜின்களில் காற்றை நெருக்கும் விகிதத்தைச் சற்றுக் குறைத்தே அமைப்பார்கள். குளிர்ந்த காலைக்கு அது சாதகம் கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஹீட்டர் பிளக்.

ஹீட்டர் பிளக் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? டாஷ்போர்டில் விளக்கு எரிந்து அணைகிறதே!

விளக்கை நம்பி மலையேற வேண்டாம். சுருள் கம்பி போன்ற அந்த மஞ்சள் விளக்கு பல பழைய வண்டிகளில் நேரக் கணக்கைத்தான் காட்டுகிறது. நான்கில் இரண்டு பிளக் செத்திருந்தாலும் அதே போல எரிந்து அதே போல அணையும். புதிய வண்டிகளில் இன்ஜினை நிர்வகிக்கும் கணினியான இசியூ ஒவ்வொரு பிளக்கையும் கவனித்துக் கோளாறுக் குறியீட்டைப் பதிந்து வைக்கும், ஸ்கேனர் போட்டால் தெரியும்.

ஹீட்டர் பிளக்கின் முனை சில விநாடிகளில் 850 முதல் 1,000 டிகிரி வரை சிவந்துவிடும், செராமிக் வகை அதற்கும் மேலே போகும். அது உள்ளே இருக்கும் காற்று முழுவதையும் சூடாக்குவதில்லை. டீசல் தூவல் உரசிப் போகும் ஓர் இடத்தில் நெருப்பு வைக்கிறது, அவ்வளவுதான். இன்ஜின் பற்றிய பிறகும் சில நிமிடங்கள் எரிந்துகொண்டிருந்து நடுக்கத்தையும் புகையையும் குறைக்கும். இசியூ உள்ள வண்டிகள் பலவற்றில் காற்றழுத்த சென்சாரும் இருப்பதால், உயரம் தெரிந்து சூடாக்கும் நேரத்தை அதுவே நீட்டிக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், நேரடியாகச் சிலிண்டருக்குள் தூவும் இன்றைய இன்ஜின்கள் 5 டிகிரிக்கு மேல் பிளக்கின் உதவி இல்லாமலே பற்றிவிடும். வெப்பமான ஊரில் ஓடும் காரில் நான்கு பிளக்குகளும் செத்து இரண்டு வருடம் ஆகியிருக்கலாம், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. முதல் மலைப்பயணத்தில்தான் குட்டு உடையும். தனி முன்னறையில் எரியும் பழைய வகை இன்ஜின்கள் இப்படி ஏமாற்றாது. அவற்றுக்கு மிதமான குளிரிலும் பிளக் வேண்டும், செத்த அன்றே காட்டிக் கொடுத்துவிடும்.

சோதிப்பது எளிது. இணைப்பைக் கழற்றிவிட்டு, பிளக்கின் தலைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஓர் ஓம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ காட்டினால் உயிர் இருக்கிறது. எண்ணே வராவிட்டால் முடிந்தது. நேரடியாக பேட்டரி ஒயரைத் தொட்டுச் சிவக்கிறதா என்று பார்க்கும் பழைய வித்தையைப் புதிய வண்டிகளில் செய்யாதீர்கள். அவற்றில் பல 12 வோல்ட்டைத் தொடர்ந்து தாங்காத வகை. கழற்றும்போதும் அவசரம் கூடாது. வருடக்கணக்கில் கரி பிடித்த பிளக் உள்ளேயே முறிந்தால் செலவு சிலிண்டர் ஹெட் வரை போகும்.

செல்ஃப் அடிக்கிறது, ஆனால் மெதுவாகச் சுற்றுகிறது. பேட்டரியா, ஆயிலா?

இரண்டுமே இருக்கலாம், பெரும்பாலும் இருக்கும். டீசல் இன்ஜின் பற்ற, ஸ்டார்ட்டர் மோட்டார் அதை நிமிடத்துக்கு 200 சுற்று அளவில் சுழற்றினால் நிம்மதி. 100ஐ ஒட்டி இறங்கிவிட்டால் நம்பிக்கை இல்லை. 250 சுற்றில் ஒரு நெருக்கு வீச்சுக்கு 0.12 விநாடிதான் ஆகிறது, 100 சுற்றில் 0.3 விநாடி. அந்த இடைவெளியில்தான் சூடு ஓடிவிடுகிறது.

பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வினை, குளிரில் அது மந்தமாகும். மைனஸ் 18 டிகிரியில் தரக்கூடிய சக்தி பாதிக்கு அருகில் வந்துவிடும். பேட்டரி மேல் அச்சிட்டிருக்கும் சிசிஏ எண் (குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரக்கூடிய மின்னோட்டம்) இந்த மைனஸ் 18ல் அளந்ததுதான், டீசல் காருக்கு வாங்கும்போது அதைப் பாருங்கள். இரவு முழுதும் ஓய்ந்த பேட்டரி காலையில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. பாதி என்பது கீழே போதும், மேலே போதாது.

முற்றிலும் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 டிகிரிக்கு முன்பே உறைந்துவிடக்கூடும். முழுச் சார்ஜில் உள்ளதோ மைனஸ் 60ஐ ஒட்டிப் போனாலும் தாங்கும். பெட்டி உப்பியிருந்தாலோ உள்ளே பனிக்கட்டி தெரிந்தாலோ ஜம்ப் கேபிளைத் தொடவே கூடாது, வெடிக்கும்.

ஆயில் விஷயத்தில், டப்பாவில் உள்ள டபிள்யூ எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண்தான் குளிருக்கானது. 15டபிள்யூ எண்ணெயைச் சுழற்றும் சோதனை மைனஸ் 20 டிகிரியில், 5டபிள்யூ எண்ணெய்க்கு மைனஸ் 30ல். தயாரிப்பாளர் அனுமதிக்கும் தரங்களுக்குள் எண் சிறியதாக இருப்பது குளிருக்கு நல்லது. தேன் போல உறைந்த ஆயிலுக்குள் கிராங்கைச் சுற்றச் சொன்னால் எந்தப் பேட்டரியும் அழும்.

ஸ்டார்ட் ஆனது, ஒரு நிமிடம் ஓடியது, அப்படியே நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஏன்?

இந்த வரிசையைக் கேட்டாலே எனக்குப் பழைய ஞாபகம் வரும். கீழே, வெயிலில், டேங்க் நிறைய அடித்துக்கொண்டு ஒரே மூச்சில் மேலே ஏறினேன். காலையில் வண்டி அழகாகப் பற்றியது. பையை ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் தேய்ந்து அடங்கியது. பேட்டரியைத் திட்டினேன், பம்ப்பைத் திட்டினேன். கடைசியில் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே டீசலுக்குப் பதில் மெழுகுக் கூழ்.

டீசலில் இயல்பாகவே பாரஃபின் மெழுகு கரைந்திருக்கிறது. குளிரில் அது முதலில் கலங்கலாகும், பிறகு துகள்களாகி ஃபில்டரை அடைக்கும். குழாயிலும் ஃபில்டரிலும் மீந்திருக்கும் டீசலில் இன்ஜின் ஒரு நிமிடம் ஓடும், அப்புறம் பட்டினி. வெப்பமான இடத்துக்கென்று தயாரித்த டீசல் பூஜ்ஜியத்தை ஒட்டியே தகராறு செய்யலாம். குளிர்கால டீசல் தனி. ஐரோப்பாவின் இஎன் 590 தரத்தில் ஃபில்டரை அடைக்கும் வெப்பநிலையை வைத்தே வகை பிரிக்கிறார்கள்: மிதமான நாடுகளுக்கு பிளஸ் 5 முதல் மைனஸ் 20 வரை, கடுங்குளிர் நாடுகளுக்கு மைனஸ் 44 வரை. தாவர எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் அதிகம் கலந்திருந்தால் பெரும்பாலும் இன்னும் சீக்கிரம் உறையும்.

ஆகவே டேங்கைக் கீழேயே நிரப்பிக்கொண்டு போவது சமர்த்து என்று நினைக்க வேண்டாம். ஏறும் வரைக்குத் தேவையானதைப் போட்டுக்கொண்டு, மேலே குளிர் டீசல் கிடைக்கும் இடத்தில் நிரப்புங்கள். இன்ஜினை ஓட்டியபடி சில கிலோமீட்டர் போனால்தான் புதுச் சரக்கு ஃபில்டர் வரை வந்து சேரும். உறைவைத் தடுக்கும் மருந்து ஊற்றுவதென்றால் டீசல் தெளிவாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். கூழான பிறகு ஊற்றினால் மெழுகு கரையாது. அப்போது ஒரே வழி சூடு: வெயில் ஏறும் வரை காத்திருப்பது, ஃபில்டரை மாற்றுவது, அல்லது அதன்மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுவது. ஃபில்டரின் கீழே உள்ள தண்ணீர்க் கிண்ணத்தைக் கிளம்பும் முன் வடித்துவிடுங்கள். அது உறைந்தாலும் அடைப்புதான். நெருப்பைக் கொளுத்தி டேங்கைச் சூடாக்கும் துணிச்சல்காரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேண்டாம்.

டீசலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தால் உறையாதாமே?

அந்தக் காலத்து இன்ஜினுக்கு அந்தக் காலத்து வைத்தியம். டீசலை ஒரு பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் தேக்கித் தூவும் இன்றைய காமன் ரெயில் இன்ஜினின் பம்ப்புக்கு டீசல்தான் எரிபொருள், டீசல்தான் மசகு எண்ணெயும். பெட்ரோல் கலந்தால் வழுவழுப்பு போய் உலோகம் உலோகத்தை அரைக்கும், அந்தத் துகள் டீசலைத் தூவும் இன்ஜெக்டர் வரை போகும். மண்ணெண்ணெய்க்கும் அதே குறை உண்டு. போதாததற்கு, பெட்ரோல் தானாகப் பற்றுவதில் டீசலைவிடப் பின்தங்கியது. தீப்பற்றும் தாமதத்தைக் குறைக்கத்தான், டீசல் எவ்வளவு சீக்கிரம் தானாகப் பற்றும் என்று காட்டும் சீட்டேன் எண்ணைப் பார்க்கிறோம்: ஐரோப்பிய தரம் குறைந்தது 51 கேட்கிறது, அமெரிக்கத் தரம் 40. பெட்ரோல் ஊற்றி அதைக் கீழே இறக்கினால் உறைவு போய்ப் பற்றாமை வந்து சேரும்.

ஈதர் ஸ்ப்ரே அடித்துக் கிளப்பலாமா?

ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் கூடாது. சிவந்த முனைமேல் ஈதர் பட்டால் பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடிக்கும். ரிங் முறியும், சில நேரம் பிஸ்டனே போகும்.

வெள்ளைப் புகை, கரும்புகை: எது எதைச் சொல்கிறது?

செல்ஃப் அடிக்கும்போது கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று பொருள். அதாவது எரிபொருள் வழி சரி, வெப்பம் போதவில்லை. பிளக், சுற்றும் வேகம், கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை நெருக்கிக் கட்டும் அழுத்தம்) பக்கம் தேடுங்கள். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. மெழுகு, ஏர் லாக், பம்ப் பக்கம் போங்கள். இந்த ஒரு பார்வையே பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கரும்புகை ஸ்டார்ட் ஆன பிறகு, ஏற்றத்தில் வருவது. காற்றுக்கு மிஞ்சிய டீசல். பழைய மெக்கானிக்கல் பம்ப்புக்கு உயரம் தெரியாது, கடல் மட்டக் கணக்கிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி நல்லதா, காமன் ரெயில் நல்லதா?

குளிர்ந்த காலையில் கிளப்ப, பேட்டரி நன்றாக இருக்கும் வரை காமன் ரெயில். வெப்பம், அழுத்தம் எல்லாம் பார்த்து, முதலில் ஒரு சொட்டு, பிறகு மீதி என்று பிரித்துத் தூவும். ஆனால் ரெயிலில் 200 பார் அளவாவது அழுத்தம் கூடாமல் இன்ஜெக்டரைத் திறக்காது. மெதுவாகச் சுற்றினால் அந்த அழுத்தமே கூடாமல் போகலாம். மெக்கானிக்கல் பம்ப் அப்படி நிபந்தனை போடாது. கரடுமுரடாக இருந்தாலும், சுற்றினால் கொஞ்சமாவது தூவும். காட்டில் மாட்டிக்கொண்டால் எதோடு மாட்டிக்கொள்ள ஆசை என்று கேட்டால் என் பதில் மாறும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் காற்று கூடுமா?

ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் கொஞ்சம். அதற்கு அழுக்கு ஃபில்டரே தாராளம். கழற்றினால் தூசி மட்டும்தான் கூடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

ஆட்டோமேட்டிக் கியர் என்றால் பேச்சே இல்லை. மேனுவல் கியர், பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் உண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார்தான் சிக்கல் என்றால் இறக்கத்தில் இரண்டாவது கியரில் முயலலாம். பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் இசியூவும் இன்ஜெக்டரும் விழிக்காது, ஹீட்டர் பிளக்கும் எரியாது, எவ்வளவு தள்ளினாலும் வீண். தள்ளுகிறவர் சுவாசிப்பதும் அதே மெல்லிய காற்றுதான் என்பதை மறக்க வேண்டாம். 4,000 மீட்டரில் காரைத் தள்ளியவர் கண் இருண்டு உட்காருவது சாதாரணம். கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் இரவில் அதைக் காரிலேயே விடாமல் அறைக்குள் எடுத்துப் போங்கள். லித்தியம் பேட்டரியும் குளிரில் சுருண்டு படுக்கும்.

இரவில் எங்கே, எப்படி நிறுத்துவது?

பள்ளத்தாக்கின் அடியில் வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலப் பள்ளத்தில் தேங்கும். சற்று மேடான, சுவர் மறைவுள்ள, காலை வெயில் முதலில் விழும் இடம் பாருங்கள். காற்று வீசுவதால் இன்ஜின் வெளிக்காற்றைவிடக் கீழே குளிராது, ஆனால் சீக்கிரம் குளிரும். போனட் மேல் கம்பளி போட்டால் சில மணி நேரம் சூடு நிற்கும், விடியும் வரை நிற்காது. கடுங்குளிரில் ஹேண்ட்பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளலாம் என்பதால் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பது வழக்கம்.

நடுராத்திரியில் எழுந்து ஒருமுறை ஓட்டி வைப்பது பற்றி இரு கட்சி உண்டு. பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைப்பதை நான் விரும்புவதில்லை. ஒவ்வொரு குளிர் ஸ்டார்ட்டும் பிளக்கும் பேட்டரியிலிருந்து எடுத்ததை அந்தப் பத்து நிமிடம் திருப்பித் தராமல் போகலாம். மின்சாரம் இருந்தால் இன்ஜின் பிளாக் ஹீட்டர்தான் ராஜா. இல்லாவிட்டால், கையேடு அனுமதித்தால் பேட்டரியைக் கழற்றி அறைக்குள் வைப்பது.

சரி, காலையில் சாவியைக் கையில் எடுத்தாயிற்று. என்ன செய்யட்டும்?

ஹெட்லைட், ஏசி விசிறி, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். சாவியை ஆன் வரை திருப்பி, சுருள் விளக்கு அணைந்த பிறகும் சில விநாடி பொறுங்கள். அணைத்து மறுபடி ஆன் செய்து இன்னொரு சுற்று சூடாக்குங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் பிரேக்கோ கிளட்ச்சோ மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் பெரும்பாலான வண்டிகளில் ஆன் நிலை வரும். பிறகு கிளட்ச்சை முழுதாக மிதித்து செல்ஃப் அடியுங்கள், கியர்பாக்ஸ் ஆயிலைக் கடையும் வேலை மிச்சம். காமன் ரெயிலில் ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். பழைய பம்ப் வண்டியில் அரை மிதி உதவும்.

ஒரு முயற்சி 10 விநாடிக்கு மேல் வேண்டாம். பற்றாவிட்டால் ஒரு நிமிடம் விடுங்கள், ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆறும், பேட்டரியும் கொஞ்சம் மீளும். இடையில் பிளக்கை மறுபடி சூடாக்குங்கள். நான்கைந்து முறைக்கு மேலும் பிடிவாதம் பிடித்தால் நிறுத்திவிட்டு வெயிலுக்குக் காத்திருங்கள். பத்து டிகிரி ஏறினாலே கதை மாறும். பேட்டரியை முழுதாகக் கொன்ற பிறகு வரும் வெயிலால் பயனில்லை.

ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆனால் முதல் கியரில் நகர்த்தும்போதே அணைந்துவிடுகிறதே?

இங்கேதான் மெல்லிய காற்று நேரடியாகக் கையை நீட்டுகிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 10 சதவீத பலத்தை இழக்கும். டர்போ உள்ளது மேலே போனபின் நன்றாக இழுக்கும், ஆனால் குறைந்த வேகத்தில் டர்போ விழிக்காத வரை அதுவும் பலவீனமான சாதா இன்ஜின்தான். கீழே பழகிய கால் கணக்கில் கிளட்ச்சை விட்டால் அணையும். கொஞ்சம் கூடுதலாக முறுக்கி, மெதுவாக விடுங்கள். நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிட வேண்டியதில்லை. ஓரிரு நிமிடம் போதும், பிறகு அடக்கமாக ஓட்டினால்தான் இன்ஜின் சூடாகும்.

மேலே ஒரு மெக்கானிக் கம்ப்ரஷன் குறைவு, இன்ஜின் வேலை வரும் என்கிறார். நம்பலாமா?

அவர் எந்த எண்ணோடு ஒப்பிட்டார் என்று கேளுங்கள். கையேட்டில் உள்ள எண் கடல் மட்டத்தை ஒட்டியது. அங்கே 28 பார் காட்டும் ஆரோக்கியமான சிலிண்டர் 3,000 மீட்டரில் 20 பார் பக்கம்தான் காட்டும். கேஜும் பொய் சொல்லவில்லை, இன்ஜினும் கெடவில்லை. பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். மூன்று 20, ஒன்று 13 என்றால் அந்த ஒன்றில் கோளாறு. நான்கும் 20 என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

யூரியா கரைசல் ஊற்றும் வண்டி. அது உறைந்தால் ஸ்டார்ட் ஆகாதா?

அந்தக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும். ஆனால் அதன் வேலை புகைப்போக்கியில், புகையின் நச்சைக் குறைப்பது. இன்ஜின் அதற்காகக் காத்திருக்காது. ஓட ஆரம்பித்ததும் டேங்கில் உள்ள ஹீட்டர் உருக்கிக்கொள்ளும்.

கீழே இறங்கியதும் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிறது. அப்படியானால் கோளாறு இல்லைதானே?

இருக்கிறது, மறைந்துகொண்டது. மேலே திணறிய வண்டியைக் கீழே வந்த வாரத்திலேயே பாருங்கள்: ஹீட்டர் பிளக்குகளின் ஓம், அவற்றுக்கு மின்சாரம் தரும் ரிலே, பேட்டரியின் லோடு சோதனை, டீசல் ஃபில்டர். இந்த நான்கில் ஏதாவது ஒன்று கையில் சிக்கும். என் வண்டியில் மெழுகு ஃபில்டரை மாற்றிய கையோடு பிளக்கையும் பார்த்தேன். நான்கில் மூன்று செத்திருந்தன. எத்தனை மாதமாக என்று அதற்கே வெளிச்சம்.